சாவுக்குத் திறந்த கிணறு

யுத்த காலத்தில் ஒரு கோடை. மதுரையில் காளவாசல் பக்கம், ஊர் முடிந்து பொட்டல் தொடங்குகிற இடத்தில் எங்கள் தெரு இருந்தது. இன்றைக்கு அங்கே கடையும் பஸ்ஸும் சனக்கூட்டமுமாக இருப்பதைப் பார்ப்பவர்களுக்கு நான் சொல்வது கதையாகத் தோன்றலாம். அன்று அங்கே செங்கல் சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும்தான். மேல்காற்று அடித்தால் காயப்போட்ட துணியெல்லாம் சாம்பல் படிந்துவிடும். நான் கீழக்குயில்குடியிலிருந்து அந்தத் தெருவுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். என் வீட்டுக்காரருக்கு மில்லில் வேலை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்று தெருவில் பெயர். கொஞ்சமென்ன, நன்றாகவே நீளம். இதை எழுதும்போதுகூட என் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது.

நகரசபைக் குழாய் அப்போது எங்கள் தெருவரைக்கும் வரவில்லை. மனுக் கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போய், தெருக்காரர்களே சேர்ந்து ஒரு கிணறு வெட்டியிருந்தார்கள். நான் வருவதற்கு முன்பே வெட்டியது. எந்தத் தனவானும் தர்மத்துக்கு வெட்டிக் கொடுத்ததில்லை. வீட்டுக்கு வீடு ஆம்பிளைகள் கடப்பாரை பிடித்து வெட்டியது. அந்தப் பெருமை எல்லாருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. பொய் சொல்வானேன், தண்ணீர் கற்கண்டு மாதிரி இருக்கும். டவுனுக்குள்ளே குழாயடியில் குடுமிப்பிடிச் சண்டை நடந்தபோதெல்லாம் எங்கள் தெருப் பெண்கள் ஆற அமரப் பேசிக்கொண்டு தண்ணீர் இறைத்தோம்.

கிணற்றைப் பார்த்துக்கொள்ள ஒரு கமிட்டி இருந்தது. அதற்குத் தலைவர் தெருமுனை விறகுக்கடைக்காரர். கிணற்றின் மேல் ஒரு குறுக்குக் கட்டை, அதில் வரிசையாக முளைகள், வீட்டுக்கு ஒன்று. அவரவர் கயிறு அவரவர் முளையில் தொங்கும். முளையில் கயிறு தொங்கினால் அந்த வீட்டுக்குக் கிணற்றில் உரிமை உண்டு என்று அர்த்தம். எங்கள் தெருவில் பெண் கொடுக்க வருகிறவர்கள்கூட, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று கேட்டுவிட்டு அடுத்ததாக, "கிணத்துல கயிறு இருக்கா?" என்றுதான் கேட்பார்கள்.

அந்த உரிமைக்கு ஒரே ஒரு கடமை. கோடையில் தண்ணீர் கீழே போனதும் தூர் வாருவார்கள். வீட்டுக்கு ஓர் ஆண்பிள்ளை வந்து கிணற்றில் இறங்கிச் சேறு அள்ள வேண்டும். கூலிக்கு ஆள் அனுப்பக் கூடாது. வசதியுள்ளவன் கூலியாளை அனுப்பிவிட்டு வீட்டில் விசிறிக்கொண்டு படுத்திருக்கக் கூடாது என்பதற்காக ஆதியிலேயே போட்ட சட்டம் அது. விறகுக்கடைக்காரரே வேட்டியைத் தார்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக இறங்குவார். தூர் வார வராத வீட்டின் கயிறு முளையிலிருந்து இறக்கப்படும். அடுத்த வருஷத் தூர்வாரல் வரைக்கும் அந்த வீட்டுக்குக் கிணறு கிடையாது. நல்ல சட்டம் என்றுதான் நானும் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் எதிர்வீட்டில் ஒரு பெண் இருந்தாள். வாடிப்பட்டிப் பக்கத்துக்காரி. என்னைவிட வயதில் சின்னவள், என்னை அக்கா என்பாள். புருஷன் தச்சன். அந்தக் கிணற்றுக் குறுக்குக் கட்டையையும் முளைகளையும் செதுக்கிக் கொடுத்தவனே அவன்தான். பட்டாளத்துக்குத் தச்சர்கள் வேண்டும் என்று ஆள் எடுத்தபோது அவனும் சேர்ந்து கப்பலேறிப் போய்விட்டான். அவளும் தத்தித் தத்தி நடக்கிற ஒரு பெண்குழந்தையும்தான் வீட்டில். அவள் அதிகம் பேசமாட்டாள். நான் ஊர்க்கதையெல்லாம் பேச, அவள் கேட்டுக் கேட்டுச் சிரிப்பாள். நீயும் ரெண்டு வார்த்தை பேசேன்டி என்றால், "ரெண்டு பேரும் பேசுனா யாருக்கா கேக்குறது?" என்பாள்.

அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கிணறு வழக்கத்தைவிடச் சீக்கிரம் இறங்கியது. தூர் வார நாள் குறித்துத் தமுக்கடித்தார்கள். அவள் வீட்டில் ஆண்பிள்ளை ஏது? பயந்துபோய் விறகுக்கடைக்குப் போனாள். துணைக்கு நானும் போனேன். விறகுக்கடைக்காரர் தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, அவுக பட்டாளத்துல இருக்காக. எங்க வீட்டுக்கு நான் வாரேன். மேல நின்னு கூடை வாங்கிக் கொட்டுறேன்" என்றாள் அவள்.

"நீ சொல்றது ஞாயந்தான் தாயி. ஆனா பொம்பள கால் பட்டா ஊத்துக்கண்ணு மூடிக்கிரும். தூர் வாரயில நீங்கள்லாம் கிணத்துப் பக்கமே வரக் கூடாதுன்னு தெரியும்ல?"

அதே கிணற்றில் வருஷம் முழுக்கத் தண்ணீர் இறைப்பது யார்? பொம்பளைதான். அப்போதெல்லாம் மூடாத ஊற்றுக்கண், சேறு அள்ளினால் மட்டும் மூடிக்கொள்ளுமாம். எனக்கு அங்கேயே சுருக்கென்றது. ஆனாலும் காரியம் ஆக வேண்டுமே என்று அடக்கிக்கொண்டு, என் வீட்டுக்காரர் இவள் வீட்டுக்கும் சேர்த்து இன்னொரு நாள் இறங்கட்டும் என்று சொல்லிப் பார்த்தேன்.

"ஒரு வீட்டுக்கு ஒரு ஆளும்மா, அதுவும் அந்த வீட்டு ஆளாத்தான் இருக்கணும். இன்னைக்கு இந்தப் புள்ளைக்கு விட்டா நாளைக்கு ஆளாளுக்கு ஒரு சாக்கு சொல்லுவாய்ங்க. சட்டம்னா எல்லாத்துக்கும் ஒண்ணுதான்."

"அவ புருசன் என்ன ஊரு சுத்தவா போயிருக்கான்? பட்டாளத்துக்குல்ல போயிருக்கான்!" என்றேன்.

"பட்டாளத்துக்குப் போகச் சொல்லி கமிட்டியா சொல்லுச்சு?" என்று கேட்டுவிட்டு அவர் விறகு நிறுக்கப் போய்விட்டார்.

அந்த மனுஷனைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவர் திருடர் இல்லை. யோக்கியர். தண்ணீர் குறைந்த நாட்களில் அவர் வீட்டுக்கும் எல்லாருக்கும் உண்டான அளவுதான். ஒரு செம்பு கூடுதலாக எடுத்தார் என்று எவரும் விரல் நீட்ட முடியாது. அயோக்கியனாக இருந்திருந்தால் நாலு திட்டுத் திட்டிவிட்டு மறந்திருப்பேன். யோக்கியனாக இருந்துகொண்டு செய்தாரே, அதுதான் எனக்கு இந்த வயதிலும் ஆறவில்லை.

தூர் வாரி முடித்த அன்றே அவள் கயிற்றை இறக்கிக் கொண்டுவந்து வாசலில் போட்டுவிட்டுப் போனார்கள். தெருவே பார்த்தது. அவள் அந்தக் கயிற்றை எடுத்துச் சேறு போக அலசிக் காயவைத்து, உத்தரத்தில் போட்டுப் பிள்ளைக்குத் தொட்டில் கட்டினாள். "கிணத்துக்கு ஆகலேன்னா தொட்டிலுக்கு ஆகட்டும்க்கா" என்று சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அத்தோடு விட்டார்களா? கிணற்றுக்குப் பலகை மூடி போட்டுப் பூட்டுப் போட்டார்கள். சாவி விறகுக்கடைக்காரர் இடுப்பில். காலையிலும் சாயங்காலமும் திறப்பார், வீட்டுக்கு ரெண்டு குடம், அவ்வளவுதான். கயிறு இறங்கின வீட்டுக்கு எவராவது தண்ணீர் ஊற்றினால் ஊற்றினவர்கள் கயிறும் இறங்கும் என்று கூடவே ஓர் உத்தரவு.

நான் ஊற்றினேன். ஒளித்தெல்லாம் இல்லை, நடுத்தெருவில் எல்லாரும் பார்க்கவே அவள் குடத்தில் ஊற்றினேன். மறுநாள் கமிட்டியிலிருந்து என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு எச்சரித்து அனுப்பினார்கள். அவர் பாவம், சண்டை சச்சரவுக்கு ஆகாத மனுஷர். "வாயத்தான் வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டேங்குற, கையையாச்சும் வச்சுக்கிட்டுச் சும்மா இரேன்" என்று கெஞ்சினார். நான் அவர் பேச்சைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆனால் அவள் போட்டுக்கொண்டாள். அடுத்த தடவை நான் குடத்தோடு போனபோது கதவுக்குக் குறுக்கே வந்து நின்றுவிட்டாள்.

"வேணாங்க்கா. உங்க கயிறும் எறங்கிட்டா உங்க பிள்ளைகளுக்கு என்னத்த ஊத்துவீக? நான் ஒருத்தி, எங்கிட்டாவது போய்க் கொண்டாந்துருவேன்."

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், திட்டியும் பார்த்தேன். அமைதியானவர்கள் பிடிவாதம் பிடித்தால் யாராலும் அசைக்க முடியாது. அதற்கப்புறம் அவள் என் வீட்டில் தனக்கென்று ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கவில்லை. பிள்ளைக்குக் கொடுத்தால் மட்டும் ஒன்றும் சொல்லமாட்டாள்.

சுண்ணாம்புக் காளவாய் வைத்திருந்த ராவுத்தர் வீட்டில் ஒரு கிணறு இருந்தது. அவர் மனைவி தாமாகவே கூப்பிட்டு, "தங்கச்சி, துணி துவைக்க, பாத்திரம் கழுவ எம்புட்டு வேணாலும் எடுத்துக்க. வாயில வைக்கத்தான் முடியாது, ஒரே உப்பு" என்றார்கள். ஆக, குடிக்கிற தண்ணீருக்கு வைகைதான் கதி. கோடையில் வைகையில் தண்ணீர் ஏது? ஆரப்பாளையத்துப் பக்கம் மணலைத் தோண்டி ஊற்றுப் பறித்து, கொட்டாங்கச்சியால் மொண்டு மொண்டு குடத்தை நிரப்ப வேண்டும். காலையில் போனால் அந்தப் பக்கத்துப் பெண்கள் ஏற்கெனவே ஊற்றுகளைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். வெளித்தெருக்காரியை எப்படி விடுவார்கள்? அவர்கள் எடுத்து முடித்துப் போன பிறகு, ஊற்றுத் திரும்பச் சுரக்கும் வரை காத்திருந்து எடுத்துக்கொண்டு திரும்புவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிடும்.

அவள் பிள்ளையை என்னிடம் விட்டுவிட்டுப் போவாள். முகமெல்லாம் கருத்துத் திரும்பி வருவாள். ஒருநாள் அவள் உதடு வெடித்துக் கிடந்ததைப் பார்த்துவிட்டு, வழியில் ரெண்டு மடக்குக் குடித்தால்தான் என்ன என்று சத்தம் போட்டேன். "குடத்துல குறைஞ்சா தளும்பும்க்கா. தளும்பித் தளும்பிப் பாதி வழியில கொட்டிரும். கழுத்து வரைக்கும் நெறச்சு, வாயில துணியக் கட்டிட்டா சிந்தாம வந்துரும். வீட்டுக்கு வந்து குடிச்சுக்கலாம்" என்றாள். தண்ணீர் சுமக்கிறவளுக்குத்தான் இதெல்லாம் தெரியும். கமிட்டியில் இருந்தவர்களில் ஒருத்தர்கூடத் தன் ஆயுளில் ஒரு குடம் தண்ணீர் இடுப்பில் சுமந்ததில்லை.

ஒரு நாள் காலை வழக்கம்போலப் பிள்ளையை என் மடியில் விட்டுவிட்டு, "வாரேங்க்கா" என்று சொல்லிக் கிளம்பினாள். கத்திரி வெயில். தெருநாய்கூட நிழலை விட்டு அசையவில்லை. உச்சி தாண்டியும் அவள் வரவில்லை. பிள்ளை வாசலைப் பார்த்துப் பார்த்து அழுதது. பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, தேடிப் போகலாமென்று தெருமுனைக்கு வந்தேன். எதிரே வைக்கோல் ஏற்றின மாட்டுவண்டி ஒன்று தெருவுக்குள் திரும்பியது.

வண்டிக்காரர் முன்பின் தெரியாதவர், வயசாளி. "ஏம்மா, இந்தப் புள்ள இந்தத் தெருவாம்மா? ரோட்டோரம் புளியமரத்துல சாஞ்சு உக்காந்திருந்துச்சு. கூப்பிட்டுப் பாத்தேன், ஏந்திரிக்கல. சூளைக்காரவுகதான் இங்கிட்டுக் கொண்டுபோகச் சொன்னாக" என்றார். வைக்கோல் மேல் அவளைப் படுக்கவைத்து, தன் தலைத்துண்டை அவள் முகத்துக்கு நிழலாகப் போட்டிருந்தார். நான் தொட்டுப் பார்த்தேன். உடம்பு அனலாகக் கொதித்தது, உயிர் மட்டும் இல்லை.

குடத்தையும் கொண்டுவந்திருந்தார் அந்த மனுஷர். தன் காலிடுக்கில் வைத்து, ஒரு சொட்டுச் சிந்தாமல் கொண்டுவந்திருந்தார். கழுத்து வரைக்கும் நிறைந்திருந்தது. வாயில் கட்டின துணி கட்டினபடியே இருந்தது, முடிச்சு அவிழவே இல்லை. அந்தக் குடத்தை வாங்கி அவள் வீட்டுக்குள் வைத்துவிட்டு வந்து கத்தினேன் பாருங்கள், அப்படி ஒரு சத்தம் எனக்குள் இருந்தது எனக்கே தெரியாது.

மறுநாள் காலை வாடிப்பட்டியிலிருந்து அவள் தம்பி வந்து சேர்ந்தான். சின்னப் பையன் இல்லை, கல்யாணமானவன்தான். ஆனாலும் அக்கா காலைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதான். தன் கயிறு இறங்கின சங்கதியை அவள் பிறந்த வீட்டுக்குச் சொல்லி அனுப்பவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் சாவு வீட்டில் நீர்மாலை எடுப்பது என்று ஒரு வழக்கம் உண்டு. இறந்தவரைக் குளிப்பாட்டுவதற்கு முன்னால், உரிமைப்பட்டவர்கள் கிணற்றுக்கோ ஆற்றுக்கோ போய்க் குடத்தில் தண்ணீர் எடுத்து வருவார்கள். வெள்ளை வேட்டியை நாலு மூலையிலும் பிடித்து மேலாப்புக் கட்டி, சங்கு ஊதி, சேகண்டி அடித்து, தண்ணீர்க் குடத்தை மாலை மரியாதையோடு அழைத்து வருவார்கள். அந்தத் தண்ணீரில்தான் கடைசிக் குளியல். அவளுக்கும் நீர்மாலை எடுக்கத் தம்பி புதுக்குடத்தோடு புறப்பட்டான். நாலு பேர் மேலாப்புப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். எங்கே போகிறார்கள் என்று பார்த்தேன். நேரே பொதுக்கிணற்றுக்குப் போனார்கள்!

பின்னாலேயே ஓடினேன். கிணற்று மூடி திறந்திருந்தது. திறக்கிற நேரமே இல்லை அது. விறகுக்கடைக்காரர் துவைத்த வேட்டி கட்டி, மேல்துண்டை எடுத்து இடுப்பில் சுற்றிக்கொண்டு, கை கட்டி மரியாதையாக நின்றுகொண்டிருந்தார். பூட்டு அவர் காலடியில் கிடந்தது. தன் வீட்டுக் கயிற்றையே எடுத்துத் தம்பி கையில் கொடுத்திருந்தார். தம்பி ஒரு வாளி இறைத்துக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருந்தான். சங்குச் சத்தம் கேட்டது.

எனக்கு அந்த ஆவேசம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. அதுவரைக்கும் நான் வாய் நிறைய அண்ணே, அண்ணே என்று கூப்பிட்ட மனுஷர் அவர்.

"யோவ்! நிறுத்துய்யா!" என்றேன்.

சங்கு நின்றுவிட்டது. தெருவே திரும்பிப் பார்த்தது. "உசுரோட இருக்கையில ஒரு செம்பு தண்ணிக்கு அம்புட்டுச் சட்டம் பேசுனியே, இப்ப எதுக்குய்யா பூட்டத் தொறந்த? செத்த பெறகு அவ வீட்டுல ஆம்பள முளைச்சுட்டானா தூர் வார?"

அவர் முகம் செத்துவிட்டது. ஆனாலும் நிதானமாகவே சொன்னார்: "துக்க வீட்டுல வந்து இப்படிப் பேசாதம்மா. சாவுக்குத் தண்ணி இல்லேன்னு இந்தக் கிணறு என்னைக்கும் சொன்னதில்ல. அதுவும் நம்ம சட்டத்துல உள்ளதுதான்."

அதுவும் சட்டத்தில் உள்ளதாம்! எவ்வளவு யோசித்துப் போட்டிருக்கிறார்கள் பாருங்கள். பிணத்துக்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள், உயிரோடு இருப்பவளுக்கு வைக்கவில்லை.

"அப்ப இந்தத் தெருவுல தண்ணி வேணும்னா சாகணும், அப்படித்தானே?" என்று கேட்டேன். மேலாப்புப் பிடித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

தம்பி ஒன்றும் புரியாமல் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தான். "என்னக்கா சொல்றீக? எங்கக்காவுக்கு இந்தக் கிணத்துல தண்ணி குடுக்கலையா?" என்றான். நான் அங்கேயே, அத்தனை பேருக்கு முன்னாலும், எல்லாவற்றையும் சொன்னேன். கயிறு இறங்கினது, பூட்டுப் போட்டது, ஊற்றினவர் கயிறும் இறங்கும் என்று மிரட்டினது, ஆற்றுக்கு நடந்தது, எல்லாம். சொல்லச் சொல்ல அவன் அழுகை நின்றுபோனது. நான் சொல்லி முடித்ததும், குடத்தில் இருந்த தண்ணீரை அப்படியே கிணற்றுக்குள் திருப்பிக் கவிழ்த்தான். வாளியையும் கயிற்றையும் விறகுக்கடைக்காரர் காலடியில் வைத்தான்.

"உங்க தண்ணி உங்களுக்கே இருக்கட்டும்" என்றான்.

வெறுங்குடத்தோடு திரும்பி நடந்தான். மேலாப்புப் பிடித்தவர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, அவர்களும் பின்னால் வந்தார்கள். இனி நீர்மாலைக்கு எங்கே போவது, வெயில் ஏறுகிறதே, பிணத்தை வைத்துக்கொண்டிருக்கலாமா என்று பெரியவர்கள் முணுமுணுத்தார்கள். நான் அவள் வீட்டுக்குள் போனேன். மூலையில் அந்தக் குடம் இருந்தது. துணி கட்டினபடியே இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்து தம்பி கையில் கொடுத்தேன்.

"உங்கக்கா எடுத்தாந்த தண்ணிதான்யா இது. வேற எவன் தண்ணியும் அவளுக்கு வேணாம்" என்றேன்.

அவன் அந்தக் குடத்தைத் தோளில் வைத்துக்கொண்டு தெருக்கோடி வரைக்கும் போய்த் திரும்பினான். மேலாப்புப் பிடித்தார்கள், சங்கு ஊதினார்கள். பொதுக்கிணற்றைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டும்போது விறகுக்கடைக்காரர் இன்னும் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார். வீட்டு வாசலில் வைத்துத் தம்பி அந்த முடிச்சை அவிழ்த்தான். குளிப்பாட்டுவதற்கு முன்னால் நான் ஒரு சங்குத் தண்ணீர் எடுத்து அவள் வாயில் விட்டேன். அது உள்ளே இறங்காமல் கடைவாய் வழியே வழிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் கிணறு திறந்தபோது பெண்களில் பாதிப் பேர் வரவில்லை. மீதிப் பேர் வந்தார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் பிள்ளைகள் இருந்தன. ஆனால் வந்தவர்களில் ஒருத்திகூட வாய் திறந்து பேசவில்லை, உருளைச் சத்தம்தான் கேட்டது என்று சொன்னார்கள். பிள்ளையைத் தம்பி வாடிப்பட்டிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். போகும்போது, வீட்டுச் சாவியையும் தொட்டில் கயிற்றையும் நான்தான் வாங்கி வைத்துக்கொண்டேன்.

அடுத்த கோடை வந்தது. தூர் வார நாள் குறித்தார்கள். அன்று விடிந்ததும், ஆம்பிளைகள் வருவதற்கு முன்னால், நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு போய்க் கிணற்றில் இறங்கிவிட்டேன். எதிர்வீட்டுக்கு ஆள் நான்தான் என்றேன். மேலே நின்று குய்யோ முறையோ என்று கத்தினார்கள். கத்தட்டுமே! அடுத்தவன் பெண்டாட்டியின் கையைப் பிடித்து இழுத்து மேலே ஏற்ற எவனுக்குத் துணிச்சல் இருக்கிறது? என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுச் சொல்லச் சொன்னார்கள். அவர் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க சொன்னாக் கேப்பாளான்னு சொல்லிப் பாருங்க" என்று ஒதுங்கிக்கொண்டார். நான் வாழ்நாளில் அந்த மனுஷரை அன்றைக்கு மெச்சினதுபோல என்றைக்கும் மெச்சியதில்லை. கொஞ்ச நேரத்தில் மேலே இருந்து கூடை இறங்கியது. அண்ணாந்து பார்த்தால் கயிற்றைப் பிடித்திருந்தது பெண்கள், ராவுத்தர் மனைவியும் சேர்த்து. உப்புக் கிணற்றுக்காரர்களுக்கு எங்கள் கிணற்றில் என்ன வேலை என்று அன்று யாரும் கேட்கவில்லை.

ஊற்றுக்கண் மூடவில்லை. நான் முழங்கால் சேற்றில் நிற்கும்போதே கால் பக்கத்தில் குளுகுளுவென்று சுரந்துகொண்டிருந்தது. மேலே ஏறி வந்து, குளிக்கக்கூடப் போகாமல், அந்தச் சேற்றுக் கையோடு தொட்டில் கயிற்றைக் கொண்டுவந்து எதிர்வீட்டு முளையில் மாட்டினேன். "ஆளில்லாத வீட்டுக்கு எதுக்கும்மா கயிறு?" என்று ஒருத்தர் கேட்டார். தொங்கட்டும் என்றேன். விறகுக்கடைக்காரர் பார்த்துக்கொண்டுதான் நின்றார். அதற்கப்புறம் அந்தக் கிணற்றுக்குப் பூட்டும் போடவில்லை. மன்னிப்பு என்று ஒரு சொல் அவர் வாயிலிருந்து வரவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை, வந்திருந்தாலும் வாங்கியிருக்க மாட்டேன்.

யுத்தம் முடிந்து அவள் புருஷன் திரும்பி வந்தான். சேதி முன்பே கிடைத்திருந்தது அவனுக்கு. ஆள் பாதியாகியிருந்தான். கிணற்றடியில் அவனைச் சுற்றி ஆம்பிளைகள் கூடி, விதி என்றார்கள், அந்த வருஷத்து வெயில் அப்படி என்றார்கள். வெயில் தாங்காமல் செத்துப்போனாளாம். நான் குடத்தைக் கீழே வைத்தேன். வெயில் இல்லை என்றேன். அன்று அவன் மச்சானிடம் சொன்னதை அவனிடமும் ஒன்று விடாமல் சொன்னேன், சொன்னவர்கள் முகத்துக்கு நேராகவே சொன்னேன். அவன் தன் கையால் செதுக்கின முளையையும், அதில் தொங்கின கயிற்றையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். கோபப்படுவான், எவன் சட்டையையாவது பிடிப்பான் என்று நினைத்தேன். அவன் என் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்விதான் கேட்டான்.

"கடைசியா அவ தண்ணி குடிச்சாளாக்கா?"

ஊரையே வாயடைக்கப் பேசினவளுக்கு அன்று பேச்சு வரவில்லை. நிறைகுடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நாக்கு வறண்டு செத்தாள் என்று ஒரு புருஷனிடம் எப்படிச் சொல்வது? தலையை மட்டும் அசைத்தேன். ஆமாம் என்று எடுத்துக்கொண்டானோ இல்லை என்று எடுத்துக்கொண்டானோ, எனக்குத் தெரியாது.

இப்போது என் வீட்டுக்குள்ளேயே குழாய் இருக்கிறது, திருகினால் தண்ணீர் கொட்டுகிறது. ஆனாலும் எங்காவது நாலு பேர் கூடி, சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று நியாயம் பேசுவதைக் கேட்டால், முடிச்சு அவிழாத அந்தக் குடம்தான் என் கண் முன்னால் வந்து நிற்கிறது. வயதாகிவிட்டது, இனியாவது கோபத்தைக் குறை என்கிறார்கள் பிள்ளைகள். மற்ற கோபமெல்லாம் குறைந்துவிட்டது, இந்த ஒன்றை மட்டும் நான் குறைத்துக்கொள்ளப் போவதில்லை.